வேட்டைத் துவக்கும் அன்பின் வழியும்

திருகோணமலைத் துறைமுக நகரை அடுத்து அன்புவழிபுரம் என்றோர் ஊர் உண்டு. ஈழத்து ஊர்ப்பெயர்களுட் பெரும்பாலானவை குளத்தாலும் மரத்தாலும் மேட்டாலும் துறையாலும் அமைந்தவை. இவ்வூர்ப்பெயரோ ஒரு பண்பினால் அமைந்தது. நிலத்தின் இயல்பைக் கூறாது, அந்நிலத்தில் வாழ்வோர் செல்லவேண்டிய நெறியைக் கூறும் பெயர் அது. இத்தகைய பெயரைத் தாங்கிய ஊர், படைக்கலங்களாற் புகழ்பெற்ற ஒரு துறைமுகத்தின் அயலில் அமைந்திருப்பது சிந்தனைக்குரியதாகும். 1624ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டிய நாள் முதலாகத் திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் துவக்கின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782இல் ஓராண்டுக்குள்ளேயே அது ஆங்கிலேயர் கைக்கும் பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகிப் பின்னர்ப் பிரட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மேற் குண்டு வீசின. 1957இற்றான் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது.

துவக்கு என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழத்தார் துவக்கு என்பர். இரண்டும் துருக்கிய மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பது மொழியியலார் கருத்து. சிங்களத்திலும் அஃது அதே சொல்லாகவே வழங்குகின்றது. எனவே இத்தீவின் இரு மொழியினரும் ஒரே ஒலியால் அழைக்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று. ஆனால் தமிழில் துவக்கு என்பதற்கு வேறு பொருள்களும் உள. தொடக்கம் என்பது ஒன்று. பிணிப்பு என்பது மற்றொன்று. அந்நியச் சொல் தமிழின் பழஞ்சொல்லோடு ஒலியால் ஒன்றுபட்டது தற்செயலே. எனினும், ஒரு கருவி எதைத் துவக்கி வைக்கின்றது, எதனோடு மனிதனைப் பிணிக்கின்றது என்ற வினாக்களை அச்சொல் தன்னுள் அடக்கி நிற்பதுபோலத் தோன்றுகின்றது.

துவக்குகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. போர்த்துவக்கு மனிதனை நோக்கியது. அதைப் பற்றிய தீர்ப்பு எளிது. காவற்றுவக்கு பயிரையும் உயிரையும் காப்பதற்கானது. அதைப் பற்றிய தீர்ப்பும் ஓரளவு எளிதே. வேட்டைத் துவக்கின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது தேவையால் ஏந்தப்படுவதும் உண்டு. இன்பத்துக்காக ஏந்தப்படுவதும் உண்டு. அதனை ஆக்கிய கைவினைஞன் ஓர் இசைக்கருவியைச் செய்பவனைப்போல உழைத்திருப்பான். அவ்வுழைப்பின் பயன் ஓர் உயிரின் முடிவாக இருக்கும். கலையும் கொலையும் ஒரே பொருளிற் சந்திக்கும்போது, அப்பொருளை மரபுச் செல்வம் என்று போற்றுவது எவ்வாறு? இவ்வினாவை ஆராய்தற்கு ஒஸ்திரிய நாட்டின் ஸ்டெயர் நகரிற் பிறந்த மான்லிக்கர் ஷோனவர் வேட்டைத் துவக்கினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

ஸ்டெயர் என்பது என்ஸ், ஸ்டெயர் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த பழைய நகரம். தெற்கேயுள்ள எர்ஸ்பெர்க் என்னும் இரும்பு மலையிலிருந்து வெட்டப்பட்ட கனிமம் இவ்வழியாகவே வெளியுலகம் சென்றது. 1287ஆம் ஆண்டிலேயே இரும்பு வாணிகத்தில் இந்நகர் சிறப்புரிமை பெற்றிருந்தது. நூற்றாண்டுகளாக அங்கு கத்தி செய்வோரும் கொல்லரும் குழுக்களாக வாழ்ந்தனர். மலை இரும்பைத் தந்தது. காடு கரியைத் தந்தது. ஆறு துருத்தியையும் சம்மட்டியையும் இயக்கும் வலுவைத் தந்தது. எந்தக் கைத்தொழில் மரபும் வானத்திலிருந்து இறங்குவதன்று. நிலத்திலிருந்தே எழுகின்றது என்பதற்கு அந்நகர் சான்று.

இக்கொல்லர் மரபிலே 1831இற் பிறந்தவர் யோசெப் வெர்ண்டில். தந்தையார் துவக்கு உறுப்புகள் செய்யும் தொழிலதிபர். இளமையிலேயே அமெரிக்கா சென்று, இயந்திரங்களால் ஒரே அளவான உறுப்புகளைப் பெருந்தொகையில் ஆக்கும் முறையை வெர்ண்டில் கண்டறிந்தார். ஒரு துவக்கின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றிற் பொருத்தினாலும் இம்மியும் பிசகாது பொருந்தவேண்டும் என்பதே அம்முறையின் உயிர்நிலை. 1864இல் அவர் தம் தொழிலகத்தை நிறுவினார். இரண்டாண்டுகளின் பின், 1866இல், கோனிக்கிரேட்ஸ் போர்க்களத்தில் ஒஸ்திரியப் படை பிரசியாவிடம் தோற்றது. பிரசிய வீரர் துவக்கின் பின்புறத்தால் தோட்டாவை இட்டுப் படுத்தவாறே சுட்டனர்; ஒஸ்திரிய வீரரோ குழலின் வாய்வழியே மருந்தை இடித்து நிறைக்க எழுந்து நிற்கவேண்டியிருந்தது. இத்தோல்வியே வெர்ண்டிலின் வாய்ப்பாயிற்று. 1867இல் அவருடைய பின்புறம் நிறைக்கும் துவக்கைப் படை ஏற்றுக்கொண்டது. 1869இல் நிறுவனம் ஒஸ்திரிய ஆயுதத் தொழிற்சாலைக் கழகமாக விரிந்தது. அவர் தொழிலாளர்க்கு வீடுகளும் கட்டுவித்தார். 1884இல் அங்கு நடைபெற்ற கண்காட்சியின்போது ஆற்றுநீரின் வலுவாற் பெற்ற மின்சாரம் நகர வீதிகளுக்கு ஒளியூட்டியது. ஆயுதத்தாற் பெற்ற செல்வம் விளக்காகவும் எரிந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

வெர்ண்டிலின் தொழிலகத்துக்குப் புதிய அறிவை அளித்தவர் பெர்டினான்ட் மான்லிக்கர். 1848இற் பொஹீமியாவிற் பிறந்த இவர் படைஞர் அல்லர், கொல்லரும் அல்லர், புகையிரதப் பொறியியலாளர். 1876இற் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சிக்குச் சென்றவர், அங்கு தொடர்ந்து சுடும் துவக்குகளைக் கண்டு, அத்துறையில் ஈடுபட்டார். ஐந்து தோட்டாக்களை ஓர் உலோகக் கவ்வியிற் கோத்து, கவ்வியோடு சேர்த்தே துவக்கினுட் செலுத்தும் முறை அவருடைய பெருங்கண்டுபிடிப்பு. 1895இல் ஒஸ்திரிய ஹங்கேரியப் படை ஏற்ற துவக்கு இம்முறையில் அமைந்தது; இலட்சக்கணக்கில் ஆக்கப்பட்டு முதலாம் உலகப் போரில் அப்பேரரசின் வீரர் தோள்களிற் கிடந்தது. 1963 நவம்பர் 22இல் அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலியத் துவக்கையும் பலர் மான்லிக்கர் பெயரோடு சேர்த்தே அழைத்தனர். அது மான்லிக்கர் செய்ததன்று. ஆயினும் அதன் தோட்டாக்கவ்வி அவருடைய முறையில் அமைந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஓர் அறிஞன் உலகுக்கு விட்டுச் செல்லும் எண்ணம், அவன் அறியாத கைகளில், அவன் நினையாத திசைகளிற் பயணம் செய்யும் என்பதற்கு இதனினும் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை.

மான்லிக்கருடன் இணைந்தவர் ஸ்டெயர் தொழிலகத்துப் பொறியியலாளர் ஒட்டோ ஷோனவர். அவர் அமைத்த சுழல் தோட்டா அறையும், மான்லிக்கரின் தாழும் கூடியே அவ்வேட்டைத் துவக்குப் பிறந்தது. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. கிரேக்க நாட்டுப் படை அதனைப் போர்க்கருவியாக ஏற்றது. வேட்டைக்கான வடிவம் 1903ஆம் ஆண்டின் மாதிரியெனப் புகழ்பெற்றது. 1905, 1908, 1910 ஆகிய ஆண்டுகளின் மாதிரிகள் பெரிய தோட்டாக்களுக்காக அமைந்தன. மான்லிக்கர் 1904இல் மறைந்தார்; தம் பெயர் தாங்கிய வேட்டைத் துவக்கு உலகெங்கும் பரவியதை அவர் காணவில்லை.

இத்துவக்கின் அமைப்பைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். தாழ் இயக்கத் துவக்கு என்பதன் தத்துவம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒத்தது. கைப்பிடியை உயர்த்திப் பின்னிழுத்தால் வெறுங்கோது வெளியே விழும். முன்தள்ளினால் புதிய தோட்டா குழலினுட் செல்லும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழின் முனைகள் உருக்குப் பள்ளங்களிற் பூட்டிக்கொள்ளும். வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அப்பூட்டே. ஒவ்வொரு சூட்டுக்கும் மனிதக் கை ஒருமுறை இயங்கவேண்டும். தானே தொடர்ந்து சுடும் கருவிகளுக்கும் இதற்குமுள்ள வேற்றுமை இதுதான். கை இயங்கும் அந்தச் சிறு இடைவேளையில் மனமும் இயங்க இடமுண்டு.

ஷோனவர் அமைத்த தோட்டா அறையோ தனிச்சிறப்புடையது. பெரும்பாலான துவக்குகளில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கீழிருந்து ஒரு வில்லால் மேலே தள்ளப்படும். இதிலோ ஐந்து பள்ளங்களையுடைய ஒரு சுழலி உண்டு. ஒவ்வொரு தோட்டாவும் தன் பள்ளத்தில் தனியே படுத்திருக்கும். தாழ் இயங்குந்தோறும் சுழலி திரும்பி அடுத்ததை வாயிலுக்குக் கொண்டுவரும். ஒன்றோடொன்று உரசுவதில்லை, ஆகவே தாழ் எண்ணெயில் வழுக்குவதுபோல இயங்கும். அச்சுழலியோ ஒரு குறித்த தோட்டாவின் அளவுக்கே செதுக்கப்பட்டது, வேறொன்றை ஏற்காது. குறுகிய குழல், அக்குழலின் வாய்வரை நீண்டு உருக்கு மூடியில் முடியும் வால்நட் மரப்பிடி, வெண்ணெய்க் கத்திபோலத் தட்டையான தாழ்க்கைப்பிடி, இரட்டை விசை ஆகியன அதன் அடையாளங்கள். பின்விசையை அழுத்தினால் முன்விசை இறகு பட்டாலும் இயங்கும் நுண்மையை அடையும். குழலை முழுதும் மூடும் மரப்பிடியை இன்றும் உலகத்தார் மான்லிக்கர் பிடி என்றே அழைப்பர்.

அதன் தோட்டா 6.5 மில்லிமீற்றர் விட்டமே உடையது, சிறுவிரலினும் மெல்லியது. எனினும் அதன் குண்டு மிக நீளமானது, முனை உருண்டது. ஒரே எடையுள்ள தட்டையான கல்லும் நெடிய ஆணியும் மரத்தில் அடிக்கப்பட்டால் ஆணியே ஆழமாய்ச் செல்லும். அதே நியாயத்தால் அக்குண்டு வழிவிலகாது நேரே ஊடுருவியது. இதனால் ஆபிரிக்காவில் வேட்டையாடிய ஸ்கொத்லாந்தியரான பெல் என்பார் சில காலம் இத்தோட்டாவையும், பெரும்பாலும் அதனையொத்த மற்றொரு மெல்லிய தோட்டாவையும் கொண்டு யானைகளை வீழ்த்தினார். அவர் வாழ்நாளிற் கொன்ற யானைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. யானையின் உடலமைப்பை அவர் மருத்துவர்போலக் கற்றிருந்தார். கருவியின் மென்மை வேட்டைக்காரனிடம் கூடுதலான அறிவைக் கோரியது. அவ்வறிவு கூடுதலான உயிர்களைப் பறித்தது. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1936இல் வெளியிட்ட பிரான்சிஸ் மகோம்பர் பற்றிய சிறுகதையிலும் மான்லிக்கர் துவக்கொன்று வருகின்றது. அதில் அது எருமையை நோக்கி உயர்ந்து மனிதனை வீழ்த்துகின்றது. துவக்கின் நுண்மைக்கும் மனத்தின் நோக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அக்கதை ஒரு கணத்தில் அளந்து காட்டுகின்றது.

இனி ஈழத்தின் காட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை ஐரோப்பிய வேட்டைக்காரரின் சொர்க்கம் எனப்பட்டது. மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிற் குடியிருந்து, இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும் பற்றிய நூலை எழுதிப் புகழ்பெற்றார். இவ்வழிவு தனிமனிதரின் விளையாட்டு மட்டுமன்று. அரசாங்கமே யானைக்குப் பரிசுப்பணம் வழங்கியது. எமர்சன் ரெனன்ட் தரும் குறிப்பின்படி, 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் வரை கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகள் மாண்டன. 2011இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பிற் காணப்பட்ட யானைகள் 5,879 என்பதோடு இத்தொகைகளை ஒப்பிட்டால், அன்று நிகழ்ந்தது வேட்டையன்று, களையெடுப்பே என்பது புலனாகும்.

இவ்வேட்டைக்காரருள் ஒஸ்திரியர் ஒருவரும் இருந்தார். அவர் சாதாரணர் அல்லர். அப்பேரரசின் பட்டத்துக்கு உரியவராகப் பின்னர் விளங்கிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினான்ட். 1892 டிசெம்பரில் தம் நாட்டுப் போர்க்கப்பலொன்றிற் புறப்பட்டு, 1893 யனவரியிற் கொழும்பில் இறங்கினார். கண்டியைக் கண்டபின் கலாவெவக் காட்டுக்குச் சென்று யானை வேட்டையாடினார். அங்கிருந்து இந்தியா சென்று, ஐதராபாத்திலும் நேபாளத்திலும் புலிவேட்டையில் ஈடுபட்டார். அவருடைய வாழ்நாளில் வீழ்ந்த உயிர்களின் தொகை, அவர்தம் வேட்டைக் குறிப்பேடுகளின்படி இரண்டரை இலட்சத்துக்கும் மேல் என்பர். 1914 யூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஓர் இளைஞனின் கைத்துப்பாக்கிக்கு அவரே இரையானார். அதனால் மூண்ட போரில், மான்லிக்கரின் 1895ஆம் ஆண்டுத் துவக்கைத் தாங்கிய இளைஞர் இலட்சக்கணக்கில் மடிந்தனர். இதனை ஊழ்வினை என்று கூறி அமைதல் எளிது. ஆயினும் வினையும் பயனும் பற்றி எழுதுவோர், கலாவெவவில் வீழ்ந்த யானைக்கும் சரயேவோவில் வீழ்ந்த இளவரசருக்கும் இடையே காரண காரியத் தொடர்பை நாட்டமுடியாது. அவ்விரண்டையும் இணைப்பது ஒன்றே: சுடுவது எளிதாகிய உலகில், சுடாதிருப்பதற்கான காரணத்தை மனிதன் தானே தேடிக்கொள்ளவேண்டியவனானான்.

அக்காரணத்தைத் தேடியவர்களும் வேட்டைக்காரரே என்பது வியப்புக்குரியது. 1894இல் இலங்கையில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனை அமைத்தோர் துவக்குத் தாங்கியவர்களே. சுடுவதற்கு விலங்கு எஞ்சியிருக்கவேண்டும் என்ற தன்னலமே முதலில் அவர்களை இயக்கியது. தன்னலம் மெல்லமெல்லக் கனிந்து காப்புணர்ச்சியாயிற்று. யாலக் காப்பகத்தின் முதற் காவலராக 1908இல் அமர்த்தப்பட்டவர் எங்கல்பிறெக்ட் என்னும் தென்னாபிரிக்க போவர். ஆங்கிலேயரோடு போர்புரிந்து, சிறைப்பட்டு, இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான போவர்களுள் அவரும் ஒருவர். துவக்கேந்திய கை, துவக்கிலிருந்து காட்டைக் காக்கும் கையாக மாறியது. மருத்துவரும் எழுத்தாளருமான ஸ்பிற்றலும் வேட்டையினின்று காவலுக்கு வந்தவரே. 1937இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின.

ஆனால் இவ்வரலாறு துரைமாரின் வரலாறு மட்டுமே. திருகோணமலைக் காட்டின் ஓரத்தில் வாழ்ந்த எளிய மக்களிடம் ஸ்டெயர் நகரத்துக் கைவினை எட்டியதில்லை. மூதூர்ப் புறத்திலும் வாகரைப் புறத்திலும் வாழும் கரையோர வேடர் அம்பும் வில்லும் தேனும் மீனும் கொண்டு வாழ்ந்தவர். கமக்காரனிடம் இருந்தது இடியன் துவக்கு. குழலின் வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடித்து நிறைப்பதால் அதற்கு அப்பெயர். ஒருமுறை சுட்டால் மறுமுறை நிறைக்கப் பொழுது பிடிக்கும். கோனிக்கிரேட்ஸ் களத்தில் ஒஸ்திரியரைத் தோற்கடித்த அதே குறைபாடுடைய கருவியே வயற்காவலுக்குப் போதுமானதாயிருந்தது. பரணில் இரவெல்லாம் விழித்திருந்து பன்றியையும் மரையையும் விரட்டியவனுக்கு வேட்டை விளையாட்டன்று. விளைந்த நெல்லுக்கும் வெறும் அடுப்புக்கும் இடையிலான எல்லை. இன்றும் கந்தளாய்ப் புறத்துக் கமக்காரர் யானைவெடி கொளுத்தியே இரவைக் கழிக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். கட்டுத்துவக்கு எனப்படும் பொறித்துவக்கும், உணவினுள் ஒளித்துவைக்கும் வெடியும் இவற்றுட் கொடியவை. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. கயிற்றில் முட்டியது பன்றியா, பசுவா, விறகெடுக்க வந்த பெண்ணா என்று அது அறியாது. இவ்விடத்திலேதான் ஸ்டெயர் கைவினையின் உட்பொருள் விளங்குகின்றது. இரட்டை விசையும் நேர்செல்லும் குண்டும் கோரியது ஒன்றே: சுடுபவன் தான் சுடுவதை முதலிற் காணவேண்டும். காணாது கொல்லும் கருவி மிகக் கீழானது. கண்டு கொல்லும் கருவி அதனினும் மேலானது. கண்டபின் தாழும் கருவி எல்லாவற்றினும் மேலானது. தாழ் என்ற சொல்லுக்குப் பூட்டு என்றும் பணிவு என்றும் தமிழில் இருபொருள் அமைந்தது நன்றே.

திருகோணமலையில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் மரையிறைச்சியை நினைத்த தலைமுறை ஒன்று இருந்தது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் வளர்ந்த தலைமுறைக்கு அச்சொல் அவ்வாறு ஒலிக்கவில்லை. சோதனைச் சாவடியும் இடம்பெயர்வும் வீடு திரும்பாத மக்களுமே அச்சொல்லின் பொருளாயின. ஆகவே வேட்டைத் துவக்கின் அழகைப் பற்றி இம்மண்ணில் எழுதும் எவரும், அச்சொல்லைக் கேட்டு நடுங்கும் செவிகள் உள என்பதை மறத்தல் ஆகாது. ஒரு கைவினையின் மேன்மையை எடுத்துரைப்பது வேறு. அதன் நிழலை மறைப்பது வேறு.

ஸ்டெயர் நகரமும் அந்நிழலிலிருந்து தப்பவில்லை. முதலாம் உலகப் போரின்பின் ஆயுத உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்டபோது அத்தொழிலகம் மோட்டார் வண்டிகள் செய்து பிழைத்தது. துவிச்சக்கர வண்டியை அது 1890களிலேயே செய்யத் தொடங்கியிருந்தது. 1934இல் ஸ்டெயர் டைம்லர் புக் என்னும் பெருநிறுவனமாயிற்று. 1938இல் ஒஸ்திரியா ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்டபின் மீண்டும் போர்க்கருவிகள் பெருகின. 1942இல் அந்நகரின் மூனிக்ஹோல்ஸ் என்னுமிடத்தில் மௌதௌசன் வதைமுகாமின் கிளை அமைக்கப்பட்டு, கைதிகள் தொழிலகத்தில் அடிமைகளாக உழைப்பிக்கப்பட்டனர். தொழிலாளர்க்கு வீடு கட்டிய வெர்ண்டிலின் நகரில் மனிதரைக் கொட்டிலில் அடைத்து வேலைவாங்கும் நிலை வந்தது. 1950இல் மான்லிக்கர் ஷோனவர் வேட்டைத் துவக்கு மீண்டும் ஆக்கப்பட்டது. ஆனால் காலம் மாறிவிட்டது. தொலைநோக்கி பொருத்திச் சுடும் வழக்கம் பரவியது; தாழின் கைப்பிடி கடந்து செல்வதற்காகப் பிளவுபட்ட அதன் மேற்பகுதியில் தொலைநோக்கியைப் பொருத்துதல் அருமையாயிற்று. கையால் இழைத்துப் பொருத்தும் சுழலியும் விலையை ஏற்றியது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. எந்த நுண்மை அதற்குப் புகழ் தந்ததோ, அந்த நுண்மையே அதன் முடிவுக்கும் ஏதுவாயிற்று.

மரபுச் செல்வம் என்பதன் பொருளை இலங்கை வரலாறும் உணர்த்துகின்றது. இத்தீவின் கொல்லரும் உலகுக்குப் பிற்பட்டவர் அல்லர். சமனலவெவவில் மலைக்காற்றின் வேகத்தாலேயே உலையை எரித்து உருக்குச் செய்த தொல்முறையை அகழ்வாய்வு வெளிப்படுத்தியுள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒல்லாந்தராகிய லின்ஸ்கோட்டன் இலங்கையரின் துவக்குக் குழல்களை வியந்து பாராட்டியுள்ளார். கண்டிக் கைவினைஞர் செய்த துவக்குகளில் வெள்ளியும் தந்தமும் இழைக்கப்பட்டன. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுசென்ற பொருள்களுள் ஆறு, 2023இல் இலங்கைக்கு மீளளிக்கப்பட்டன. அவற்றுள் லெவ்கே பீரங்கியும் இரு பெருந்துவக்குகளும் அடங்கும். அவை இப்போது கொழும்பு அருங்காட்சியகத்துக்கு உரியவை. அவற்றைக் காணச் செல்லும் மாணவன் வேலைப்பாட்டை வியப்பான். அதே வேளை, அவை எப்படி நாட்டைவிட்டுச் சென்றன என்றும் கேட்பான். இவ்விரு உணர்ச்சிகளும் ஒருங்கே எழும்போதே ஒரு பொருள் உண்மையான மரபுச் செல்வமாகின்றது. வியப்பு மட்டும் எழுமாயின் அது வெறும் ஆபரணம். வெறுப்பு மட்டும் எழுமாயின் அது வெறும் சாட்சிப்பொருள்.

வேட்டையையும் அன்பையும் இரு துருவங்களாகக் கொள்ளுதல் தமிழ் மரபுக்கு உடன்பாடன்று. குறிஞ்சி நிலத்துக் கானவரைப் பாடிய மரபு அது. வேடர்குலத்து வள்ளியை முருகனுக்குத் துணையாக்கிய மரபு அது. கோயில்களில் இறைவனே வேட்டைக்கு எழுந்தருளும் திருவிழாவும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்பின் எல்லையைக் காட்டவந்த சேக்கிழார் அதற்குத் தேர்ந்தெடுத்தது ஓர் அந்தணரையோ அரசரையோ அன்று. வில்லேந்திய வேடனாகிய திண்ணனையே. காளத்தி மலையில் திண்ணனார் கண்ணப்பர் ஆகியது வில்லை முறித்ததனால் அன்று. அம்பு எய்தப் பழகிய அதே கூரிய கண்ணை, அதே அம்பினாற் பெயர்த்து மற்றொருவரின் குருதியை நிறுத்தியதனாலேயே. கருவி மாறவில்லை, அது நோக்கிய திசை மாறியது. பிறவுயிரை நோக்கியது தன்னை நோக்கித் திரும்பியது. வேடனுக்கும் அடியவனுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவே.

இந்நோக்கில், ஸ்டெயர் துவக்கின் மரபு எங்கே வாழ்கின்றது என்ற வினாவுக்கு விடை தெளிவாகின்றது. அது துவக்கிலே மட்டும் வாழவில்லை. இம்மியும் பிசகாத பொருத்தத்தை வேண்டி நின்ற கொல்லரின் பொறுமையில் அது வாழ்கின்றது. அப்பொறுமையைத் துவிச்சக்கர வண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் மாற்றிக்கொண்ட தொழில்நெறியில் வாழ்கின்றது. யாலக் காட்டைக் காத்த முன்னாட் போர்க்கைதியின் கண்களிலும் அத்தகைய திருப்பமே நிகழ்ந்தது. குறிபார்க்கக் கற்ற கண்ணுக்கே காவல் புரியவும் தெரியும். மரையின் சுவட்டை அறிந்தவனே மரை இல்லாமற் போவதை முதலில் உணர்வான்.

இன்று பிரட்றிக் கோட்டையின் மதில்களுக்குள்ளே புள்ளிமான்கள் மேய்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் துவக்கை நிறுத்திய அதே வாயிலின் வழியே கோணேசரை வழிபடச் செல்வோர் நடக்கின்றனர். மான்கள் அவர்களைக் கண்டு ஓடுவதில்லை; கைகளில் உணவு உண்டோ என்றே பார்க்கின்றன. நூற்றாண்டுகளாகச் சுடுவதற்கென்றே கட்டிக் காக்கப்பட்ட ஓரிடத்தில், சுடப்படாமையையே தம் இயல்பான உரிமையாகக் கொண்டு அவை வாழ்கின்றன. அன்பின் வழி என்பது துவக்கை அறியாதார் செல்லும் வழியன்று. அதனை நன்கு அறிந்து, அதன் அழகையும் அழிவையும் ஒருங்கே எண்ணி, கையைத் தாழ்த்தினார் செல்லும் வழியே அது.